உறக்கத்தில் பல் கடித்தல்: காரணங்களும் இயற்கைப் பரிகாரங்களும்

பழைய லயத்து வீடுகளில் ஒரு குடும்பத்திற்கும் அடுத்த குடும்பத்திற்கும் இடையே நிற்பது ஒரு பலகைச் சுவர்தான். நள்ளிரவில் ஒருவர் உறக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தால், அந்த ஓசை சுவரைத் தாண்டி அடுத்த வீட்டிற்கும் கேட்கும். வீட்டிலுள்ள அனைவரும் விழித்துக்கொள்வர். கடிப்பவர் மட்டும் விழிப்பதில்லை. மறுநாள் காலையில் அதனைச் சொன்னால் அவர் நம்புவதும் இல்லை. தம் வாய்க்குள்ளேயே தமக்குத் தெரியாமல் நடக்கும் ஒரு செயலை எவர்தாம் எளிதில் நம்புவார்?

நாம் தோட்டங்களுக்குச் சென்று சுகாதாரம் பற்றி உரையாடும்போது நீரிழிவு, இரத்தக் கொதிப்பு ஆகியவற்றைப் பற்றியே பெரும்பாலும் கேள்விகள் எழும். கூட்டம் கலையும் வேளையில் தாய்மார் யாரேனும் ஒருவர் அருகில் வந்து தாழ்ந்த குரலில், "ஐயா, என் மகன் இராத்திரியில் பல்லைக் கடிக்கிறான். இரண்டு முறை பூச்சி மருந்து கொடுத்துவிட்டேன், நிற்கவில்லை" என்பார். கணவரைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. கூச்சத்தோடு கேட்கவேண்டிய அளவுக்கு இஃது இழிவான ஒன்றன்று. வளர்ந்தவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேரிடம் இது காணப்படுகிறது. சிறுவர்களிடம் இன்னும் மிகுதி. அறுபது வயதைக் கடந்தோரிடம் குறைவு. மருத்துவர்கள் இதனைப் 'புருக்சிசம்' என்பர். பல்லை நெரித்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

மூன்று பழைய விடைகள்

ஒருவர் உறக்கத்தில் ஏன் பல்லைக் கடிக்கிறார் என்று கேட்டால், நம் தோட்டப்புறங்களில் பொதுவாக மூன்று விடைகள் கிடைக்கும். அவற்றை முதலில் ஆராய்வோம். தவறான விடை கையில் இருக்கும்வரை சரியான விடையைத் தேடும் எண்ணம் வருவதில்லை.

முதல் விடை, வயிற்றுப் பூச்சி. இந்த நம்பிக்கை மிகப் பழையது. நம்மவரிடம் மட்டுமன்றி வேறு பல நாட்டு மக்களிடமும் உள்ளது. அது தோன்றியதற்குக் காரணமும் உண்டு. ஒரு காலத்தில் தோட்டத்துச் சிறுவர்களுள் பலருக்கு வயிற்றில் பூச்சி இருந்தது. அவர்களுள் சிலர் பல்லும் கடித்தனர். இரண்டையும் ஒருங்கே கண்ட பெரியோர், ஒன்று மற்றொன்றின் காரணம் என்று கொண்டனர். சேவல் கூவுகிறது, சற்று நேரத்தில் பிரட்டு மணியும் அடிக்கிறது. சேவல்தான் மணியை அடிக்கச் செய்தது என்று கூறுவோமா? பூச்சிக்கும் பல் கடித்தலுக்கும் தொடர்பு உண்டா என்று பல நாடுகளில் ஆராய்ந்தனர். சில ஆய்வுகள் உண்டு என்றன. சில இல்லை என்றன. ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்பது இதுவரை மெய்ப்பிக்கப்படவில்லை.

ஆகவே, பிள்ளைக்குப் பூச்சி இருக்கிறதோ என்ற ஐயம் எழுந்தால் மருந்தகத்தில் மலத்தைச் சோதித்துப் பார்த்து, இருந்தால் மருந்து கொடுங்கள். பூச்சி இரத்தத்தையும் உணவின் சத்தையும் கவர்ந்துகொள்ளும். அதற்காகவே அதனை நீக்க வேண்டும். செருப்பு அணிந்து நடப்பதும், உண்பதற்கு முன் கை கழுவுவதும் அது திரும்பி வராமல் தடுக்கும். ஆனால் பல் கடித்தல் நிற்கவில்லையே என்று பூச்சி மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதும், விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்குவதும் வேண்டா. பிள்ளை மெலியுமேயன்றிப் பல் கடித்தல் குறையாது.

இரண்டாவது விடை, சினம் அல்லது வன்மம். விழித்திருக்கும் மனிதன் பல்லைக் கடித்தால் அது கோபத்தின் அடையாளம் என்பது உண்மைதான். எனவே உறங்கும்போது கடிப்பவரும் யார் மீதோ வஞ்சம் வைத்திருக்கிறார் என்று எண்ணுகின்றனர். புதிதாக மணமாகி வந்த மருமகள் இரவில் பல்லைக் கடித்தாள் என்பதற்காக, அவள் தன்னைத்தான் கறுவுகிறாள் என்று மாமியார் மனம் புண்பட்டிருந்த ஒரு வீட்டை நாம் அறிவோம். அந்தப் பெண்ணுக்கோ தான் கடிப்பதே தெரியாது. புது இடம், புது மனிதர், விடியற்காலையில் எழும் புது வழக்கம் ஆகியவற்றால் அவளுடைய உறக்கம் கலைந்திருந்தது என்பதே நாம் கண்டது. உறங்குபவரின் பல் ஓசையை அவருடைய மனத்தின் பேச்சாகக் கொள்வது நியாயமன்று.

மூன்றாவது விடை, பல் வரிசை சரியில்லை என்பது. இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஏனெனில் பல் மருத்துவர்களே நெடுங்காலம் இவ்வாறு நம்பினர். மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்தாவிட்டால், அவற்றைத் தேய்த்துச் சமன் செய்யத் தாடை முயல்கிறது என்று கருதி, 1960-களில் பற்களை அராவிச் சீர்படுத்தினர். பின்னர் நடந்த ஆய்வுகள் இக்கருத்துக்கு ஆதரவு தரவில்லை. பல் வரிசை ஒழுங்காக உள்ளவர்களும் கடிக்கின்றனர். கோணலாக உள்ளவர்களுள் மிகப் பலர் கடிப்பதில்லை. ஆகவே பல் கடிப்பதை நிறுத்துவதற்கென்று எவரேனும் பல்லை அராவவோ பிடுங்கவோ முன்வந்தால், அதற்கு உடன்படாதீர்கள். உரிமம் பெறாமல் வீடு தேடி வந்து பல் கட்டுவோரிடம் இதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

உறக்கத்தில் நடப்பது என்ன?

அப்படியானால் உண்மைக் காரணம் எங்கே இருக்கிறது? வயிற்றிலும் இல்லை, பல்லிலும் இல்லை. அது மூளையிலும் உறக்கத்திலும் இருக்கிறது.

உறக்கம் இரவு முழுவதும் ஒரே சீராக இருப்பதன்று. சில வேளை ஆழ்ந்தும், சில வேளை மேலோட்டமாகவும் அது அமையும். மேலோட்டமான உறக்கத்தின்போது நம் மூளை சில நொடிகள் மட்டும் விழிப்பின் எல்லைக்கு வந்து மீண்டும் உறங்கிவிடுகிறது. இவ்வாறு ஓர் இரவில் பல முறை நிகழும். காலையில் அதில் ஒன்றுகூட நினைவில் இராது. இதனைச் சிறு விழிப்பு என்று சொல்லலாம்.

கனடா நாட்டின் மொண்ட்ரியால் நகரிலும் பிற இடங்களிலும் உள்ள உறக்க ஆய்வுக்கூடங்களில், பல் கடிப்பவர்களின் தலையிலும் மார்பிலும் தாடையிலும் மெல்லிய கம்பிகளைப் பொருத்தி, இரவு முழுவதும் உறங்கச் செய்து பதிவு செய்தனர். அங்கே ஓர் ஒழுங்கு தென்பட்டது. முதலில் மூளை சற்றே கிளர்ச்சி அடைகிறது; இருதயத் துடிப்பு விரைகிறது. அதன் பின்னரே மெல்லும் தசைகள் இயங்கத் தொடங்கி, நொடிக்கு ஏறத்தாழ ஒரு முறை என்னும் கணக்கில் தாடையை அசைக்கின்றன. பெரும்பாலும் ஒரு மிடறு எச்சிலை விழுங்குவதோடு அது முடிவடைகிறது. பல்லைக் கடிக்காத நல்ல உறக்கக்காரர்களிலும் பாதிக்கு மேற்பட்டோரின் தாடை இவ்வாறு அசைவதுண்டு. ஓசை எழுவதில்லை, அவ்வளவுதான். கடிப்பவர்களிடம் அதே அசைவு அடிக்கடியும் வலுவாகவும் நிகழ்கிறது.

இந்த ஒழுங்கு நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. பல் கடிப்பதால் உறக்கம் கலைவதில்லை. உறக்கம் கலையும் வேளையில்தான் பல் கடிக்கப்படுகிறது. ஆகவே பரிகாரம் தேடுவோர் வாயைப் பார்ப்பதற்கு முன் உறக்கத்தைப் பார்க்க வேண்டும். பல நாட்டு வல்லுநர்கள் 2013-ஆம் ஆண்டிலும் பின்னர் 2018-ஆம் ஆண்டிலும் கூடி ஆராய்ந்து வெளியிட்ட கருத்தும் இதற்கு இசைவானதே. வேறு நோயற்ற ஒருவரிடம் பல் கடித்தல் ஒரு நோயன்று, தசையின் ஒரு செயற்பாடு. சிலருக்கு அதனால் தீங்கு நேரலாம், பலருக்கு நேராமலும் போகலாம் என்பது அவர்கள் கூற்று.

உறக்கத்தைக் கலைப்பவை

பால்மரம் வெட்டுவோரின் உறக்கம் இயல்பாகவே குறுகியது. விடியற்காலையின் குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்றாக ஒழுகும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். ஆகையால் நாலு, நாலரை மணிக்கே எழ வேண்டியுள்ளது. ஆனால் படுக்கும் நேரமோ பட்டணத்தாரின் நேரமாகிவிட்டது. தொலைக்காட்சித் தொடர் முடிய வேண்டும்; பின்னர் கைத்தொலைபேசி. பதினொரு மணிக்குப் படுத்து நாலரைக்கு எழுபவருக்குக் கிடைப்பது ஐந்தரை மணி நேரமே. வளர்ந்தவருக்குக் குறைந்தது ஏழு மணி நேர உறக்கம் தேவை. கணவர் பல்லைக் கடிக்க, அந்த ஓசையில் மனைவியும் அதைக்கூட இழக்கிறார். அரைத் தூக்கத்தோடு நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்குபவர், மரத்தையும் காயப்படுத்துவார். தம் கையையும் காயப்படுத்திக்கொள்வார்.

அடுத்தது மது. இதைச் சிலர் விரும்பமாட்டார்கள் என்று தெரிந்தும் எழுதுகிறோம். "ஒரு கிளாஸ் போட்டால்தான் தூக்கம் வருகிறது" என்பது அடிக்கடி கேட்கும் சொல். சம்சுவோ பீரோ கள்ளோ எதுவாயினும், அது உறக்கத்தை விரைவில் வரவழைப்பது மெய்யே. ஆனால் போதை இறங்கும் பின்னிரவில் அதே மது உறக்கத்தைத் துண்டு துண்டாக்கிவிடுகிறது. பல் கடித்தலுக்கு ஏற்ற நிலம் அதுதான். மதுவும் புகையும் கோப்பியும் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுரை வெளிவந்தது. மது அருந்துவோர் பல் கடிப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்றும், புகை பிடிப்போருக்கு இரு மடங்கிற்கும் மேல் என்றும், நாளொன்றுக்கு 8 கோப்பைக்கு மேல் கோப்பி அருந்துவோருக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்றும் அது காட்டியது. எட்டுக் கோப்பை கோப்பி நம்மில் எவரும் அருந்துவதில்லைதான். எனினும் மாலை ஐந்து மணிக்கு அருந்தும் கடுந்தேநீரின் வீரியம் இரவு பத்து மணிக்கும் உடலில் பாதி எஞ்சியிருக்கும் என்பதை நினைவில் வைப்பது நல்லது.

கவலையைப் பற்றிக் கூறாமல் இக்கட்டுரை நிறைவு பெறாது. அறுபது வயதில் ஓய்வு பெற்றால் தோட்டத்து வீட்டை விட்டுப் போக வேண்டுமே, எங்கே போவது? தோட்டம் கைமாறப் போவதாகப் பேசிக்கொள்கிறார்களே, உண்மையா? வட்டிக்கு வாங்கிய பணம் எப்போது அடையும்? இவ்வாறு பகலில் வேலையின் பரபரப்பில் அடங்கிக் கிடக்கும் எண்ணங்கள் இரவில் தலைதூக்குகின்றன. மனத்தின் இறுக்கத்திற்கும் பல் கடித்தலுக்கும் தொடர்பு உண்டு என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இவை வீண் கவலைகள் அல்ல. மூலிகை அருந்துவதாலோ பல்லுக்கு உறை மாட்டுவதாலோ இவை தீர்வனவும் அல்ல. ஆயினும் படுக்கையில் தனியாகச் சுமக்கும் கவலை, மாலையில் துணைவியிடமோ தொழிற்சங்கத் தலைவரிடமோ பேசப்பட்ட கவலையை விடக் கனமானது. மனப் பாரம் தாங்க முடியாத அளவுக்குச் சென்றால், சுகாதார அமைச்சு 2022-ஆம் ஆண்டில் தொடங்கிய 15555 என்னும் தொலைபேசி எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

குறட்டையும் ஒரு காரணமாகலாம். உறக்கத்தில் மூச்சுக்குழல் அடைபட்டுச் சில நொடிகள் மூச்சு நின்று, பின் திணறலோடு மீள்வோரிடம் சிறு விழிப்புகள் மிகுதி; அவர்களுள் பல் கடிப்போரும் உளர். இரவில் நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் உள்ளவர்களிடமும் இது காணப்படுகிறது. மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மாத்திரைகளாலும் பல் கடித்தல் தொடங்குவதுண்டு. அவ்வாறு நேர்ந்தால் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் கூறினால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். சியாபு என்னும் போதைப் பொருளைப் பயன்படுத்துவோர் பகலிலும் இரவிலும் தாடையை இறுக்கிப் பல்லை அரைத்துக்கொண்டே இருப்பர். வளர்ந்த பிள்ளையிடம் திடீரென இப்பழக்கமும், உணவில் வெறுப்பும், இரவெல்லாம் உறங்காமையும் சேர்ந்து தோன்றினால் பெற்றோர் கவனிக்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல், தந்தைக்கு இருந்தது மகனுக்கும் வந்தது என்று குடும்பவழியாகத் தொடர்வதும் உண்டு.

பட்டையும் பல்லும்

கடித்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். பால்மரம் வெட்டுவோருக்கு இதனை விளக்குவது எளிது. பட்டையை அளவாகச் சீவினால் பால் கிடைக்கும். சீவிய இடத்தில் சில ஆண்டுகளில் புதுப் பட்டை வளரும். அதனை மறுபடியும் வெட்டலாம். கத்தி ஆழமாக இறங்கி மரத்தைத் தொட்டுவிட்டால்தான் அவ்விடம் முண்டும் முடிச்சுமாகப் புடைத்து வீணாகும். பல்லின் மேலும் ஒரு பட்டை உண்டு. பற்சிப்பி என்று அதற்குப் பெயர். மனித உடலில் அதனினும் கடினமான பொருள் வேறில்லை. ஆனால் அதன் கனம், கடைவாய்ப்பல்லின் முகட்டில்கூட, இரண்டு மில்லிமீட்டரை ஒட்டியதே. ஒரு முறை தேய்ந்தால் அது மீண்டும் வளராது. மரப்பட்டைக்கு இயற்கை தந்த மறுவாய்ப்பைப் பற்சிப்பிக்குத் தரவில்லை.

பற்சிப்பி தேய்ந்தவருக்குக் குளிர்ந்த நீரும் சூடான தேநீரும் பல்லில் கூசும். பல் முகடுகள் தட்டையாகும். ஓரம் சில்லுச் சில்லாக உடையும். அடைத்த பல்லில் அடைப்பு பெயர்ந்துவிடும். காலையில் எழுந்ததும் தாடை கனத்திருப்பதும், நெற்றிப்பொட்டில் வலிப்பதும், வாயை அகலத் திறக்க இயலாமையும் தசை இரவெல்லாம் உழைத்ததன் அடையாளங்கள். தனியே உறங்குபவருக்கு இரவின் ஓசையைக் கூற ஆளில்லை. அவர் கண்ணாடியில் பார்க்கட்டும். நாவின் ஓரத்தில் பல் பதிந்த தடமும், கன்னத்தின் உட்புறத்தில் நீண்ட வெண்கோடும் தெரிந்தால், தாடை இறுகும் பழக்கம் இருக்கக்கூடும்.

தேய்ந்த பல்லை மேலும் தேய்க்கும் ஒரு வழக்கத்தை இங்கே கண்டிக்க வேண்டியுள்ளது. கரித்தூள், சாம்பல், செங்கல் தூள் ஆகியவற்றால் பல் துலக்கும் முதியோர் இன்றும் சிலர் உள்ளனர். இவை பல்லை வெண்மையாக்குவது போல் தோன்றுவது பற்சிப்பியைச் சுரண்டுவதால்தான். புளிப்பு மாங்காய், ஊறுகாய், காற்றடைத்த இனிப்புப் பானம் ஆகியவை பற்சிப்பியைச் சிறிது நேரம் இளக வைக்கும். அவற்றை உண்டவுடன் பல் துலக்காமல் நீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரத்திற்கு மேல் கழித்துத் துலக்க வேண்டும். ஃபுளோரைடு கலந்த பற்பசையும் மென்மையான தூரிகையும் போதுமானவை.

வீட்டிலேயே செய்யத் தக்கவை

இயற்கைப் பரிகாரம் என்றவுடன் எந்த இலை, எந்த வேர் என்று கேட்பது நம் இயல்பு. பல் கடித்தலை நிறுத்தும் மூலிகை எதுவும் இதுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. நல்லெண்ணெய் கொப்பளிப்பதாலும் அது நிற்காது. கிராம்புத் தைலம் பல் வலியைச் சிறிது நேரம் மரத்துப்போகச் செய்யும்; மிகுதியாகத் தடவினால் ஈறு வெந்துபோகும். மெக்னீசியம் மாத்திரை நல்லது என்று விற்போர் உள்ளனர்; அதற்கும் தக்க சான்று இல்லை. காசு செலவில்லாத வேறு சில பரிகாரங்கள் உள்ளன. இயற்கை என்னும் சொல் அவற்றுக்கே பொருந்தும்.

முதலாவது, தாடைக்கு ஓய்வு கற்பித்தல். உண்ணும் நேரமும் எச்சில் விழுங்கும் நேரமும் தவிர, மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொட வேண்டியதே இல்லை. இதனை அறியாதவர் பலர். பாரம் தூக்கும்போதும் நுணுக்கமாகக் கத்தி பிடிக்கும்போதும் பகலிலேயே பல்லை இறுக்கிக்கொள்கின்றனர். இப்போது இதைப் படித்துக்கொண்டே சோதித்துப் பாருங்கள்: உங்கள் பற்கள் தொட்டுக்கொண்டு இருக்கின்றனவா? உதடுகள் மூடியிருக்கட்டும், பற்களுக்கு இடையே சிறு இடைவெளி இருக்கட்டும், நாவின் நுனி மேல் முன்பல்லுக்குப் பின்னால் மெல்லத் தொட்டிருக்கட்டும். 'ந' என்று சொல்லத் தொடங்கும்போது நா நிற்குமே, ஏறத்தாழ அந்த இடம். இந்நிலையில் தாடைத் தசை தளர்ந்துவிடும். நாள் முழுவதும் இதனை நினைவில் வைப்பது கடினம் என்பீர்கள். பால் வெட்டுவோருக்கு அதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. ஒரு மரத்தை முடித்து அடுத்த மரத்திற்குப் போகும் அந்தச் சில அடித் தூரத்தில் பல்லைத் தளர்த்துங்கள். ஒரு காலைக்குள் பல நூறு மரங்கள். பல நூறு பாடங்கள். பகலில் இறுக்குவது இவ்வாறு குறையும். இரவின் கடிப்பு இதனால் மட்டும் நின்றுவிடும் என்று உறுதி கூற முடியாது. ஆனால் காலை வலி பலருக்குத் தணியும்.

இரண்டாவது, வெந்நீர் ஒத்தடம். துணியைப் பொறுக்கத்தக்க சூட்டு நீரில் நனைத்துப் பிழிந்து, படுக்கும் முன் இரு கன்னங்களிலும் காதுக்குக் கீழே பத்து நிமிடம் வையுங்கள். பின்னர் விரல் நுனிகளால் கன்னத் தசையையும் நெற்றிப்பொட்டையும் வட்டமாக மெல்லத் தேய்த்துவிடுங்கள். தசை எது என்று அறிய, பல்லை ஒரு முறை கடித்துப் பாருங்கள். கன்னத்தில் புடைப்பது அதுவே. தாடை வலி இருக்கும் நாள்களில் கெட்டியான முறுக்கு, எலும்பு, கரும்பு ஆகியவற்றைத் தவிர்த்து மென்மையான உணவை உண்ணலாம். வெற்றிலை பாக்கைச் சும்மா மெல்லும் வழக்கத்தை விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பாக்கு வாய்ப்புற்றுக்கு வழி வகுப்பதாலேயே விட வேண்டியதுதான். பல்லும் தாடையும் பிழைப்பது உடன் கிடைக்கும் இலாபம்.

மூன்றாவது, உறக்க ஒழுங்கு. நாலரைக்கு எழுபவர் ஒன்பது, ஒன்பதரைக்குள் படுத்துவிட வேண்டும். விடுமுறை நாளிலும் அந்நேரம் பெரிதும் மாற வேண்டா. இரவு உணவை ஏழு மணியளவில் முடித்தால் நெஞ்செரிச்சலும் குறையும். பிற்பகல் மூன்று மணிக்குப் பின் கடுந்தேநீரும் கோப்பியும் வேண்டா. கைத்தொலைபேசியைப் படுக்கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குறட்டை விடுபவர் மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்கட்டும். கவலை அலைக்கழித்தால், நாளை செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் படுங்கள். பிறகு மூச்சை மெல்ல உள்ளிழுத்து அதனினும் மெல்ல வெளிவிட்டுக்கொண்டிருங்கள். மதுவை மாலையில் நிறுத்திப் பார்க்க விரும்புவோர் இரண்டு வாரம் நிறுத்தி, ஓசை குறைந்ததா என்று வீட்டாரிடம் கேட்கட்டும். அவர்களைவிடச் சிறந்த சாட்சி இல்லை. நாள்தோறும் மிகுதியாகக் குடித்துப் பழகியவர் மட்டும் திடீரென நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்டு நிறுத்த வேண்டும்; இல்லையேல் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும்.

மருந்தகத்தை நாட வேண்டிய வேளை

பல் உடைந்தால், கூச்சம் தொடர்ந்தால், தாடை பிடித்துக்கொண்டு வாய் திறவாவிட்டால் பல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். குறட்டையோடு மூச்சுத் திணறலும் பகல் தூக்கமும் இருந்தால், நம்மவர் இன்றும் 'டிரெசர்' என்றழைக்கும் தோட்டத்து மருத்துவ உதவியாளரிடம் முதலில் கூறி, அவர் வழியாக மருத்துவரைக் காணலாம். அதனைக் கவனிக்காமல் விட்டால் இரத்தக் கொதிப்பும் இருதய நோயும் சேரக்கூடும்.

பல் தேய்வு மிகுந்தவர்களுக்குப் பல் மருத்துவர் வாயின் அச்செடுத்து, இரவில் மாட்டிக்கொள்ளும் உறை ஒன்றைச் செய்து தருவார். இதன் பயனைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். உறை கடிப்பதை நிறுத்துவதில்லை. பல்லுக்குப் பதிலாகத் தான் தேய்கிறது. பால் கத்தியின் கூருக்கு உறை போடுவது போன்றதன்று இது. கத்தியின் முன் வேறொரு கட்டையை வைப்பது போன்றது. கடைகளில் விற்கும் உறையை வெந்நீரில் போட்டுத் தாமே வாயில் அழுத்திக்கொள்வோர் உண்டு. அளவு பொருந்தாவிட்டால் தாடை வலி கூடலாம். பற்கள் இடம் பெயரவும் கூடும். ஆகவே மருத்துவரைக் கேட்காமல் அதனை வாங்க வேண்டா.

இனிப் பிள்ளைகளைப் பற்றி. பால் பற்கள் விழுந்து புதுப் பற்கள் முளைக்கும் பருவத்தில் பல சிறுவர்கள் பல் கடிப்பர். வளர வளரப் பெரும்பாலோரிடம் அது தானே மறைந்துவிடும். அவர்களுக்கு உறை பொதுவாகத் தேவைப்படுவதில்லை. தாடை வளர்ந்துகொண்டிருக்கும் பருவம் அது. கடிக்கும் பிள்ளையைத் தட்டி எழுப்புவதும் ஏசுவதும் பயன் தரா. அச்சத்தோடு உறங்கும் பிள்ளை மேலும் கடிக்கும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஒன்பது மணி நேர உறக்கமாவது வேண்டும் என்பதால், பெற்றோர் வேலைக்குப் புறப்படும் அரவத்தில் அதுவும் நாலரைக்கே விழித்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். வாயைத் திறந்து மூச்சு விட்டு, குறட்டையோடு பல்லும் கடிக்கும் பிள்ளைக்குத் தொண்டைச் சதை பெருத்திருக்கலாம். அதனை அறுவை செய்து நீக்கிய பின் பல பிள்ளைகளிடம் பல் கடித்தலும் குறைந்ததை மருத்துவர்கள் கண்டுள்ளனர்.

நம் நாட்டில் பள்ளிப் பிள்ளைகளின் பற்களைக் கவனிப்பதற்கெனத் தாதியரைப் பயிற்றுவிக்கும் பணி 1949-ஆம் ஆண்டில் பினாங்கில் தொடங்கியது. இன்று அரசாங்கப் பல் மருத்துவக் குழுவினர் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளுக்கும் சென்று பிள்ளைகளின் பற்களைச் சோதிக்கின்றனர். அவர்கள் வரும் நாளில் பிள்ளையின் கையில் ஒரு துண்டுத் தாளைக் கொடுத்தனுப்புங்கள். இரவில் பல் கடிக்கிறான், எத்தனை மாதமாக, குறட்டை உண்டா இல்லையா என்ற மூன்று செய்திகளை அதில் எழுதினால் போதும். பகல் வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்ப்பவருக்கு இரவின் ஓசை கேட்காது. அதனைக் கேட்டவர் நீங்கள்தாம்.